காசு கொடுத்து பெஸ்ட்செல்லர் ஆகலாமா?

கேள்வி: வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். தை மாதம் என் முதல் நாவலைச் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அடித்தேன். வெளியீட்டு விழாவில் 200 வரை போனது. கடைகளில் எழுபது வரை போனது, இனாமாகவும் கொடுத்தேன். மிச்சம் 180 பிரதிகள் வீட்டில் பெட்டியோடு கிடக்கின்றன. என்னோடு எழுதத் தொடங்கிய ஒருவரின் புத்தகம் சென்னைப் பதிப்பகம் ஒன்றின் 'அதிகம் விற்ற பத்து' பட்டியலில் வந்திருக்கிறது. முகநூல் முழுக்க அதுதான். இதற்கிடையில் ஒருவர் வட்ஸ்அப்பில் வந்து, அறுபதாயிரம் ரூபா தந்தால் என் நாவலை அமேசனில் 'நம்பர் வன் பெஸ்ட்செல்லர்' ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். "பட்டியலில் இல்லாத புத்தகத்தை ஆர் தேடி வாசிக்கப்போகினம், குடுத்துப் பாரும்" என்கிறார் கணவர். கொடுக்கலாமா? அடுத்த நாவலையாவது பட்டியலில் வருகிற மாதிரி எழுத வேண்டுமா?

பதில்:

அன்பின் ரீச்சருக்கு,

கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் பட்டியலில் வர ஆசைப்படுவதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். விற்கிற புத்தகம் என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஒரு கூட்டம் எங்கள் இலக்கிய உலகில் எப்போதும் உண்டு. மேடையில் அப்படிப் பேசிவிட்டுக் கீழே இறங்கி, தங்களுடைய புத்தகம் எத்தனை போயிருக்கிறது என்று என் காதுக்குள் கேட்பவர்களும் அவர்கள்தான்.

முதலில் அந்த வட்ஸ்அப் ஆள் எதை விற்கிறார் என்று பார்ப்போம். அமேசன் தன் விற்பனைத் தரவரிசையை மணிக்கு மணி மாற்றுகிறது. அது ஒரே பட்டியலும் இல்லை. பிரிவு, உட்பிரிவு, அதற்குள் இன்னோர் உட்பிரிவு என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் உட்பிரிவில் உங்கள் நாவலைப் போடுவார். கிண்டில் மின்நூலின் விலையை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குவார். தெரிந்த இருபது முப்பது பேரை ஒரே மணித்தியாலத்துக்குள் வாங்கச் சொல்வார். தோடம்பழ நிறத்தில் 'பெஸ்ட்செல்லர்' என்று ஒரு பட்டி உங்கள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வரும். அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பிவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார். அடுத்த நாள் அந்தப் பட்டி இருக்காது, படம் மட்டும் உங்கள் போனில் இருக்கும்.

2016இல் சந்தைப்படுத்தல் தொழிலில் இருக்கும் ஓர் அமெரிக்கர் தன் கால் பாதத்தைப் படம் எடுத்து, அதையே ஒரு மின்நூலாக்கி அமேசனில் ஏற்றினார். உள்ளே வாசிக்க ஒன்றும் இல்லை. மூன்று பிரதிகள் விற்றன. அவர் தெரிவுசெய்த உட்பிரிவில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. இந்த வியாபாரம் எவ்வளவு பொய் என்று காட்டத்தான் அதைச் செய்தார், காட்டியும்விட்டார். உங்களிடம் கேட்பது அந்த மூன்று பிரதிக்கு அறுபதாயிரம்.

சரி, அப்போ உண்மையான பட்டியல்கள்? அவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவை என்ன சொல்கின்றன என்பதை விளங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். 1895இல் அமெரிக்காவில் 'த புக்மன்' என்ற சஞ்சிகை நகரம் நகரமாகக் கடைக்காரர்களிடம் விசாரித்து, அதிகம் விற்ற புத்தகங்களின் பெயரை வெளியிடத் தொடங்கியது. இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் நியூயோர்க் ரைம்ஸ் 1931இல் தன் நகரத்துக்கு மட்டும் ஒரு சிறு பட்டியல் போட்டது. நாடு தழுவிய பட்டியல் 1942இல் வந்தது. தெரிவுசெய்த கடைகளிடம் எண்ணிக்கை வாங்கி, தங்கள் கணக்குப்படி அதைச் சீர்செய்து வெளியிடுகிறார்கள். எந்தெந்தக் கடைகள் என்பது இரகசியம். தெரிந்தால் ஆட்கள் போய் அங்கேயே வாங்கிக் குவிப்பார்கள் அல்லவா? இரகசியமாக வைத்திருந்தும் குவிக்கிறார்கள். 2017இல் ஓர் இளையோர் நாவல் எங்கிருந்தோ வந்து முதலிடத்தில் உட்கார்ந்தது. கடைகளில் அந்தப் புத்தகத்தைக் கண்டவர்கள் யாருமில்லை. மற்ற எழுத்தாளர்கள் துருவிப் பார்த்தபோது, பட்டியலுக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகளில் யாரோ மொத்தமாக ஓடர் கொடுத்திருந்தது வெளிவந்தது. ஒரு நாளைக்குள் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மொத்தக் கொள்வனவு நடந்ததாகத் தெரிந்தால் பெயருக்குப் பக்கத்தில் குத்துவாள் வடிவில் ஒரு சின்னக் குறி போடுகிற வழக்கமும் அங்கே இருக்கிறது.

இதிலே எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வழக்கு. பேயோட்டும் கதை ஒன்றால் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் வில்லியம் பீற்றர் பிளாற்றி, அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவல் போதிய அளவு விற்றும் பட்டியலில் உரிய இடம் தரவில்லை என்று 1983இல் நியூயோர்க் ரைம்ஸ்மீது வழக்குப் போட்டார். பத்திரிகை என்ன வாதாடியது தெரியுமா? இந்தப் பட்டியல் தராசில் நிறுத்த கணக்கு இல்லை, எங்கள் ஆசிரியபீடத்தின் ஆக்கம் என்றது. 1986இல் கலிபோர்னியா உயர் நீதிமன்றம் பிளாற்றியின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பட்டியலைப் போடுகிறவர்களே அதைத் தங்கள் ஆக்கம் என்று சொல்லியிருக்கும்போது, நாங்கள் ஏன் அதைப் பரீட்சைப் பெறுபேறு மாதிரிப் பார்க்க வேண்டும்?

எதை எண்ணுவது, எதை விடுவது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். ஹரி பொட்டர் நூல்கள் வருடக்கணக்கில் மேலிடங்களைப் பிடித்துவைத்திருந்தபோது மற்றப் பதிப்பாளர்கள் முறைப்பட்டார்கள். 2000இல் சிறுவர் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டு அவற்றை அங்கே அனுப்பிவிட்டார்கள். பாடநூல், பரீட்சை வழிகாட்டி, அகராதி போன்றவற்றைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் என்ன ஆகும் என்று எங்களுடைய ஊரை வைத்து யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒளிவு மறைவில்லாமல் ஒரு பட்டியல் போட்டால் முதலிடம் பஞ்சாங்கத்துக்கா புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளுக்கா என்பதில்தான் போட்டி இருக்கும். மூன்றாமிடத்துக்கு க.பொ.த. சாதாரண தர கடந்தகால வினாத்தாள்கள் வரும். அச்சடித்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அந்தியேட்டிக்கு இனாமாகக் கொடுக்கும் நினைவு மலர்கள் எங்கள் நாவல்கள் பலவற்றைத் தோற்கடித்துவிடும். எண்ணினால் அதுதான் உண்மை. கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி, பட்டியலில் ஏறினால் புத்தகம் கூடுதலாக விற்குமா? விற்கும். அலன் சோரன்சன் என்ற பொருளியலாளர் நியூயோர்க் ரைம்ஸ் பட்டியலை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏற்கனவே பெயர் எடுத்த எழுத்தாளருக்குப் பட்டியலால் கிடைக்கும் மேலதிக விற்பனை கொஞ்சம்தான். முதல் நூல் எழுதியவருக்கே அது பெரிய உதவி என்று அதில் காட்டியிருக்கிறார். பெயர் எடுத்தவரை வாசகர் எப்படியும் தேடி வாங்குவார். முதல் நூல்காரரைப் பட்டியலில்தான் கண்டுபிடிக்கிறார். ஆகவே உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் அவர் சொல்வது பல கடைகளில் எண்ணி, பல இலட்சம் பேர் பார்க்கிற பட்டியலுக்குத்தான் பொருந்தும். உங்கள் போனில் இருக்கப்போகும் படத்துக்குப் பொருந்தாது.

எந்தப் பட்டியலும் காட்டுவது வேகத்தைத்தான். ஒரு நாவல் வெளிவந்த கிழமையில் 300 பிரதிகள் போகிறது, பிறகு ஒன்றும் இல்லை. இன்னொன்று கிழமைக்கு பத்துப் பிரதி, அப்படியே மூன்று வருடம் போகிறது. இரண்டாவது 1560 பிரதி விற்றிருக்கும். முதலாவதுதான் பட்டியலில் வந்திருக்கும். ஆறுமுக நாவலரின் பாலபாடங்களைப் படித்து எழுத்துக் கூட்டப் பழகியவர்கள் எத்தனை தலைமுறை? அவை எந்த வாரத்து முதல் பத்திலும் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் 2001இலிருந்து புக்ஸ்கான் என்ற ஏற்பாடு கடைகளின் காசாளர் மேசையில் பதிவாகும் விற்பனையைத் திரட்டிக் கணக்குச் சொல்கிறது. எங்கள் தமிழ்ப் புத்தக விற்பனையில் பெரும்பங்கு காசாளர் மேசைக்கே வருவதில்லை. உங்கள் வெளியீட்டு விழாவையே எடுங்கள். மங்கல விளக்கு, மௌன இறைவணக்கம், தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை முடிந்து, முதற்பிரதி பெறுகிறவரைப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். பிறகு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, என்வலப்பை உங்கள் கையில் தந்து, புத்தகத்தை வாங்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். இரவு வீட்டில் என்வலப்புகளைப் பிரித்தபோது ஒன்றில் ஐந்நூறு, ஒன்றில் ஐயாயிரம். புத்தகத்தின் விலை 800 என்றால் அந்த ஐயாயிரம் என்ன கணக்கு? அது உறவுக் கணக்கு. அதிபர் என்ற முறையில், பெரியப்பா என்ற முறையில், நாளைக்குத் தன் மகளின் புத்தகத்துக்கு நீங்கள் வரவேண்டும் என்ற முறையில் தந்தது. அச்சுச் செலவின் பாதியை அது மீட்டுத் தந்திருக்கும். எங்கள் பதிப்புலகம் உயிரோடு இருப்பதே அந்த வழக்கத்தால்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த 200 பேரில் எத்தனை பேர் நாவலைத் திறந்தார்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. ஏற்புரையில் நீங்கள் நன்றி சொன்ன பெயர்களைவிட, பிறகு கடையில் காசு கொடுத்து வாங்கிய முகம் தெரியாத எழுபது பேரில்தான் எனக்கு அக்கறை. அவர்கள்தான் உங்கள் வாசகர்கள்.

உங்கள் நண்பரின் சென்னைப் பட்டியலுக்கு வருகிறேன். அவருடைய மகிழ்ச்சியில் மண் போட வேண்டாம், வாழ்த்துச் சொல்லுங்கள். ஆனால் அது பெரும்பாலும் ஒரு பதிப்பகம், தன் கடைத் தொகுதியில், தன் புத்தகங்களுக்குள் எவை அதிகம் போயின என்று போடுகிற பட்டியல். தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் நூற்றுக்கணக்கான கடைகள். ஒவ்வொன்றும் ஒரு 'முதல் பத்து' போடலாம். எத்தனை பிரதி என்று பட்டியலில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காது. 'மூன்றாம் பதிப்பு' என்பதும் அப்படித்தான். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அடிக்க முடிகிறது. மூன்று பதிப்பும் சேர்ந்தே முந்நூறு தாண்டாமல் இருக்கலாம். முன்பு எங்கள் பதிப்பாளர்கள் பலர் விபரப் பக்கத்தில் அச்சகம், பக்கம், விலை என்ற வரிசையில் பிரதிகள் எத்தனை என்றும் போடுவார்கள். அருமையான பழக்கம். உங்கள் இரண்டாம் பதிப்பில் அதைப் போடுங்கள், 200 என்றாலும் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்ட நாடு இது.

எங்கள் ஊரில் நன்றாக விற்ற காலமும் இருந்தது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதைக் கட்டுப்படுத்தியபோது, வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் எங்கள் எழுத்தாளர்களின் நாவல்களை அடித்தது. வீரகேசரிப் பத்திரிகை போகிற வழியிலேயே நாவலும் கிராமங்களுக்குப் போனது. செங்கை ஆழியானைப் பொதுசனம் தேடி வாசித்தது அந்தக் காலத்தில்தான். 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா வேறு வழி. இதழைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வாசகரிடம் போனவர் அவர்; 2012 வரை அது வந்தது. இருவருக்கும் பட்டியல் உதவவில்லை, புத்தகம் ஆளின் கைக்குப் போய்ச் சேர்கிற வழி உதவியது. உங்களுக்கு இப்போது இல்லாமல் இருப்பதும் அந்த வழிதான்.

ஆகவே அந்த 180 பிரதிகளைப் பெட்டியை விட்டு வெளியே எடுங்கள். யாழ்ப்பாணம் ரவுணில் உள்ள கடைகளில் மட்டும் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா, வெள்ளவத்தை என்று கடைக்கு ஐந்து ஐந்தாகக் கொடுங்கள். கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். 30 வீதம் கேட்டால் முகம் கோணாதீர்கள், அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் எத்தனை பிரதி ஒப்படைத்தீர்கள் என்று பற்றுச்சீட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்குப் பாருங்கள். போகாவிட்டால் காசு வராது. கெட்ட எண்ணம் இல்லை, கேட்காத காசைக் கொடுக்கிற வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. எந்தக் கடையில் எத்தனை போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பி எந்தப் பட்டியலையும் விட உங்களுக்குப் பயன்படும்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பிரதேச சபை நூலகங்களில் நிகழ்ச்சிகள் நடக்கும், புத்தகக் கொள்வனவும் அதை ஒட்டி நடப்பதுண்டு. ஓகஸ்டிலேயே நூலகர்களுக்கு ஒரு பிரதியும் ஒரு கடிதமும் அனுப்புங்கள். ஐ.எஸ்.பி.என். எண் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்; எடுக்கவில்லை என்றால் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் இரண்டாம் பதிப்புக்காவது எடுங்கள். இன்னொரு வெளியீட்டு விழா வேண்டாம். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ இருபது பேர் வாசித்துவிட்டு வந்து பேசுகிற விமர்சனக் கூட்டம் ஒன்று வையுங்கள். பஸ் காசும் தேநீரும்தான் செலவு. அங்கே யாராவது உங்கள் நாவலைக் கிழித்துப் பேசினால் இன்னும் நல்லது, அடுத்த கிழமை அதை வாங்கப் பத்துப் பேர் வருவார்கள்.

அடுத்த நாவலைப் பட்டியலைப் பார்த்து எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதி, திருத்தி, அடித்து வருவதற்கு இரண்டு வருடம் போகும். அதற்குள் பட்டியலில் வேறு ஏதோ ஓடும். விடுங்கள்.

கிண்டில் ஆசையை நான் முழுதாக மறுக்கவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினால் புத்தக விலையை விடத் தபால் செலவு கூட. அவர்களுக்கு மின்நூல் வசதி. ஆனால் அதற்கு இடைத்தரகர் தேவையில்லை, நீங்களே கணக்குத் திறந்து இலவசமாக ஏற்றலாம். ஒரு தடங்கல் வரலாம்: எங்கள் அச்சகங்களில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் பக்கம் வடிவமைக்கிறார்கள். கிண்டிலுக்கு யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறை வேண்டும். மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும், கொம்பும் அரவும் பிரிந்து நிற்கும். முழு நாவலையும் ஒருமுறை வரி வரியாகப் பார்க்க வேண்டும். அறுபதாயிரத்தில் ஒரு பகுதியை நல்ல மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள். மிச்சத்தை இரண்டாம் பதிப்புக்கு வங்கியில் போட்டு வையுங்கள். பிரதிகள் இருபதுக்கு இறங்கும்போது மறுபடி அடிக்க வேண்டும். கடையில் கேட்டு இல்லை என்று போனவர் இரண்டாம் தரம் வருவது அபூர்வம். இனிமேல் அடிக்கப்போவதில்லை என்று தீர்மானிக்கிற காலம் வந்தால், 2005இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கிழமையே அச்சகத்துக்குப் போய், உங்கள் நாவலின் பக்க வடிவமைப்புக் கோப்பையும் அட்டைக் கோப்பையும் ஒரு பென் டிரைவில் வாங்குங்கள். பீ.டி.எவ். மட்டும் தந்தால் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பு வேண்டும், எழுத்துருவோடு. கொம்பியூட்டரை மாற்றும்போது பழைய கோப்புகளை அழித்துவிடுவார்கள். பிறகு இரண்டாம் பதிப்பு என்றால் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டிவரும்.